ஒரு சுருதி, ஒரு குரல்: கணினியில் சொந்த ஒலி உருவாக்குதல்

இந்த அத்தியாயத்தின் முடிவில் உங்கள் கணினியில் இரண்டு ஒலிகள் இருக்கும். ஒன்று, தம்பூரா போல ஓயாமல் மீட்டிக்கொண்டிருக்கும் சுருதி. மற்றொன்று, அதன் மேல் கமகத்தோடு வாசிக்கக்கூடிய ஒற்றைக் குரல். இரண்டையும் வேறு யாரும் பதிவு செய்து வைத்த ஒலியிலிருந்து எடுக்கப் போவதில்லை. வெறும் அலையிலிருந்து தொடங்கி நீங்களே வடிவமைக்கப் போகிறீர்கள்.

சின்தசைசர் வாங்குகிறவர்களும் இறக்குகிறவர்களும் பெரும்பாலும் முதல் நாளே பிரீசெட்டுகள் எனப்படும் ஆயிரக்கணக்கான ஆயத்த ஒலிகளுக்குள் தொலைந்துபோகிறார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதிலேயே மாலைப் பொழுதுகள் போய்விடும். இரண்டே ஒலிகளை அடியிலிருந்து கட்டிப் பாருங்கள். அதன் பிறகு எந்த பிரீசெட்டைத் திறந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியும், வேண்டியபடி மாற்றவும் வரும்.

என்னென்ன வேண்டும்

மென்பொருளாக சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசரை எடுத்துக்கொள்கிறேன். கிளாஸ் யோஹான்சன் வணிகமாக விற்றுவந்த இந்தக் கருவி 2018-இல் திறந்த மூல நிரலாக வெளியிடப்பட்டது. பிறகு தன்னார்வலர்கள் அதை வளர்த்தெடுத்து, 2022-இல் இப்போதைய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் செய்யும் இசையை விற்கவும் தடையில்லை.

கூடவே ஒரு மிடி கீபோர்டு தேவை. 25 கட்டையே போதும், 49 இருந்தால் வசதி. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இடப்பக்கம் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்க வேண்டும், விரலை எடுத்தால் அது தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். சில சிறிய மாடல்களில் சக்கரத்துக்குப் பதில் இரண்டு பொத்தான்கள் மட்டும் இருக்கும். அவற்றில் கமகம் வாசிக்க முடியாது.

கம்பியுள்ள ஹெட்போன் வேண்டும். புளூடூத் ஹெட்போன் பாட்டு கேட்க நல்லது, வாசிக்க ஆகாது. கட்டையை அழுத்தியதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் நடுவே தெளிவாகத் தெரியும் இடைவெளி விழுந்துவிடும். ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றும் தேவை. ஏற்கெனவே பழகியது இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்கள் ரீப்பரை 60 நாள் சோதனையாக இறக்கிக்கொள்ளலாம்.

முதல் கட்டையைத் தொடும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பதிவு செய்த பாட்டில் ஒலி அளவு ஓரளவு சீராக இருக்கும். சின்தசைசரில் அப்படியில்லை. ஒரு ஸ்லைடரைத் தவறாகத் தள்ளினால், மெல்லிய ஒலி அரை நொடியில் காதைத் துளைக்கும் விசிலாக மாறும். ரெசனன்ஸ் என்ற ஸ்லைடரைக் கடைசிவரை ஏற்றினால் ஃபில்டர் தானே கூவத் தொடங்கும். அப்போது ஹெட்போன் காதில் இருந்தால் வலிக்கும். ஒலிபெருக்கியில் இருந்தால் அதன் சிறிய ட்வீட்டர் கருகிப்போகலாம்.

1. கணினியின் ஒலி அளவைக் கால் பங்குக்குக் கீழே இறக்குங்கள். அதன் பிறகே மென்பொருளைத் திறங்கள்.
2. புதிய பேட்ச் (சேமித்த ஒலி அமைப்பு) எதைத் திறந்தாலும் ஹெட்போனைக் கையில் பிடித்தபடி முதல் கட்டையை அழுத்துங்கள். அளவு சரி என்று தெரிந்த பிறகு காதில் மாட்டுங்கள்.
3. ஒலிப்பதிவு மென்பொருளின் கடைசித் தடத்தில் ஒரு லிமிட்டரைப் போட்டு, உச்ச அளவை மைனஸ் 6 டெசிபலில் நிறுத்துங்கள். எதிர்பாராத விசில் வந்தாலும் அதற்கு மேல் ஏறாது.
4. ஸ்பீக்கர் உண்டென்றால் கணினியையும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் முதலில் போடுங்கள், ஸ்பீக்கரைக் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அளவு 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அதாவது 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. ஒலி அமைக்கிறவர் ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் கேட்பார், காது களைத்ததும் அளவைக் கூட்டத்தான் தோன்றும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைய வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவுதலும் தாமதத்தைக் குறைத்தலும்

1. சர்ஜ் எக்ஸ்டியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நிறுவும்போது தனியாக ஓடும் வடிவம், பிளகின் வடிவம் இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.
2. தனி வடிவத்தைத் திறந்து, ஆடியோ அமைப்பில் உங்கள் ஹெட்போன் செல்லும் கருவியைத் தேர்ந்தெடுங்கள். மிடி உள்ளீட்டில் கீபோர்டின் பெயருக்கு நேரே டிக் போடுங்கள்.
3. சாம்பிள் ரேட் 48,000. பஃபர் 256. இந்தக் கணக்கில் பஃபரால் வரும் தாமதம் சுமார் 5 மில்லி நொடி, விரலுக்குத் தெரியாது. 1024 வைத்தால் 21 மில்லி நொடிக்கு மேல் போகும், கை பின்தங்குவது போல் இருக்கும்.
4. படபடவென்று வெடிப்பு கேட்டால் கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பஃபரை 512-க்கு உயர்த்துங்கள்.

விண்டோஸில் ஏஎஸ்ஐஓ வகை டிரைவரைப் பயன்படுத்துங்கள். இன்டர்ஃபேஸோடு வரும் டிரைவர் முதல் தேர்வு. கணினியின் உள் சவுண்ட் கார்டு மட்டுமே இருந்தால் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் உண்டு.

தெரிந்தே ஆக வேண்டிய நான்கு

ஆசிலேட்டர் அலையை உண்டாக்கும். ஃபில்டர் அதில் வேண்டாத பகுதியைக் கழிக்கும். என்வலப், ஒலி எப்படித் தொடங்கி (அட்டாக்), எப்படி இறங்கி (டிகே), எப்படி நின்று (சஸ்டெய்ன்), எப்படி மறைய வேண்டும் (ரிலீஸ்) என்று கட்டளையிடும். எல்எஃப்ஓ ஒரே சீராகத் திரும்பத் திரும்ப ஆட்டும்.

இவற்றில் என்வலப்புக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். வீணை, புல்லாங்குழல், வயலின் எதுவானாலும் அந்த ஒலி தொடங்கும் முதல் சில மில்லி நொடிகளை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சத்தை வைத்துக் கருவியை அடையாளம் காண நல்ல காதுகளும் தடுமாறும். கருவியின் முகம் அதன் தொடக்கத்தில் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் அலையின் வகையை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், அட்டாக் ஸ்லைடரைத் தொடவே மாட்டார்கள். வேலையின் பெரும்பகுதி அங்கேதான்.

முதல் ஒலி: தம்பூரா

பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கிய 1979 முதல், பெட்டியிலிருந்து வரும் சுருதி கர்நாடக இசைக்குப் பழக்கமாகிவிட்டது. நாம் செய்யப் போவது அதே வேலைதான், ஆனால் ஒவ்வொரு பகுதியும் நம் கைக்கு எட்டும்படி.

தம்பூராவின் சிறப்பு ஜீவாவில் இருக்கிறது. வளைந்த பாலத்தின் மேல் தந்தி உரசிக்கொண்டே அதிர்வதால், மீட்டிய பிறகு மேல்ஸ்தாயி ஒலிகள் மலர்ந்து, மெல்லக் கீழிறங்கும். பாலத்தில் தந்திக்கு அடியில் செருகும் நூலை நகர்த்தி அந்த இடத்தைப் பிடிப்பார்கள். தம்பூராவிலும் வீணையிலும் இந்தப் பாலம் செய்யும் வேலையை சி.வி. ராமன் ஆராய்ந்து 1921-இல் எழுதியிருக்கிறார்: சாதாரணத் தந்தியில் வரக்கூடாத மேல் ஒலிகளும் இங்கே ஓங்கி ஒலிக்கின்றன என்பதே அவர் கண்டது. ஆகவே நமக்கு வேண்டியது, மீட்டிய கணத்தில் கொஞ்சம் மங்கலாக இருந்து, உடனே பிரகாசமாகி, பிறகு இரண்டு மூன்று நொடியில் இறங்கும் ஃபில்டர்.

1. பேட்ச் மெனுவில் இனிஷியலைஸ் கொடுத்து, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். பழைய பேட்சின் மேல் வேலை செய்யாதீர்கள்.
2. முதல் ஆசிலேட்டரின் வகையை ஸ்ட்ரிங் என்று மாற்றுங்கள். தந்தியின் அதிர்வைக் கணக்கிட்டே ஒலி தரும் வகை இது. கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது.
3. எக்சைட்டர் என்ற இடத்தில் பர்ஸ்ட் என்று தொடங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அது விரல் தட்டுவதற்குச் சமம். கான்ஸ்டன்ட் என்று தொடங்குபவை வில் போட்டு இழுத்தாற்போல் தொடர்ந்து ஒலிக்கும், இங்கே வேண்டாம்.
4. இரண்டு தந்திகளின் டிகே ஸ்லைடரையும் நன்றாக ஏற்றுங்கள். இரண்டாம் தந்தியின் டிட்யூனை 2 சென்ட் அளவில் வையுங்கள். ஒரு சென்ட் என்பது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு. 130.8 ஹெர்ட்ஸில் 2 சென்ட் விலகல், சுமார் ஆறரை நொடிக்கு ஒரு முறை மெல்ல வீங்கி அடங்கும் அலையைத் தரும். 10 சென்ட் வைத்தால் சுருதி சேராத தம்பூராதான்.
5. இரண்டாம் ஆசிலேட்டரில் கிளாசிக் வகையின் சா (ரம்பப்பல்) அலையை வைத்து, மிக்சரில் மைனஸ் 18 டெசிபல் அளவுக்கு இறக்குங்கள். தனியாகக் கேட்கக் கூடாது. ஃபில்டர் நகரும்போது பிடித்து எழுப்ப மேல் ஒலிகள் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது.
6. முதல் ஃபில்டரை 24 டெசிபல் லோபாஸ் ஆக்குங்கள். கட்டாஃப், அதாவது ஃபில்டர் கழிக்கத் தொடங்கும் இடம், 500 ஹெர்ட்ஸ் அருகே, ரெசனன்ஸ் 50 முதல் 60 சதவீதம். அதற்கு மேல் போகாதீர்கள்.
7. ஃபில்டர் என்வலப்: அட்டாக் 0.3 நொடி, டிகே 2.5 நொடி, சஸ்டெய்ன் சுழியம். அது ஃபில்டரை எவ்வளவு தள்ள வேண்டும் என்ற ஸ்லைடரில் 30 அரை ஸ்வரம் வையுங்கள். கட்டாஃப் 500-இலிருந்து 2,800 ஹெர்ட்ஸ் வரை ஏறி இறங்கும்.
8. ஒலி அளவின் என்வலப்: அட்டாக் 5 மில்லி நொடி, டிகே 6 நொடி, சஸ்டெய்ன் சுழியம், ரிலீஸ் 4 நொடி.

இப்போது ஒரு கட்டையை அழுத்தி, கண்ணை மூடிக் கேளுங்கள். "ஓ" என்று தொடங்கி "ஈ" பக்கம் போய்த் திரும்பினால் சரி. விசில் போலத் தனியாக ஒரு கீச்சொலி நகர்ந்தால் ரெசனன்ஸ் அதிகம். மலராமல் உடனே மங்கினால் 7-ஆம் படியின் அட்டாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்லைடரை மட்டும் நகர்த்துங்கள். இரண்டைச் சேர்த்து நகர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

இனி மீட்டும் வரிசை. ஒலிப்பதிவு மென்பொருளில் சர்ஜைப் பிளகினாகத் திறந்து, நான்கு ஸ்வரங்களைப் பதியுங்கள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். 1 கட்டைச் சுருதி என்றால் கீழ் ஜி, சி, சி, அதற்கும் கீழ் சி. அதிர்வெண்ணில் 98, 130.8, 130.8, 65.4 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் ஒரு நொடியைக் கொஞ்சம் தாண்டட்டும், மந்தரத்துக்குப் பிறகு சற்று அதிகம் விடுங்கள். இந்தச் சுற்றைத் திரும்ப ஓடவிடுங்கள்.

*குறிப்பு:* ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் குவான்டைஸ் பொத்தானை இங்கே தொடாதீர்கள். தம்பூரா தாளத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. பாட்டின் காலப்பிரமாணத்தோடு அதைக் கட்டிவிட்டால் காது சுருதியை விட்டுவிட்டு மீட்டுகளை எண்ணத் தொடங்கிவிடும். கையால் வாசித்த சிறு ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கட்டும். நான்கே மீட்டைச் சுழலவிடாமல் ஒரு நிமிடத்துக்கு வாசித்துப் பதிந்தால் இன்னும் நன்று.

காந்தாரம் ஏன் உறுத்துகிறது

தம்பூரா ஓடும்போது அதன் மேல் கீபோர்டின் எந்தக் கட்டையையாவது நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பஞ்சமம் நிற்கும். அந்தர காந்தாரம் நடுங்கும்.

கீபோர்டில் ஸ்தாயி 12 சம பங்காக வெட்டப்பட்டிருக்கிறது. அதில் பஞ்சமம் 700 சென்ட். சுருதியோடு இழையும் பஞ்சமம் 702. வித்தியாசம் காதுக்கு எட்டாது. அந்தர காந்தாரத்துக்கோ கீபோர்டில் 400, இழையும் இடம் 386. தம்பூராவின் சாரணித் தந்தி தன் அதிர்வெண்ணின் ஐந்து மடங்கான 654 ஹெர்ட்ஸில் காந்தாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, கீபோர்டின் காந்தாரம் அதே இடத்தில் 659-ஐக் கொண்டுவந்து வைக்கிறது. நொடிக்கு ஐந்து முறை இரண்டும் மோதும். உறுத்தல் அதுதான்.

சர்ஜில் இதைச் சரிசெய்ய ஸ்காலா என்ற வகைக் கோப்பு வேண்டும். இணையத்தில் தேடாதீர்கள், நீங்களே எழுதலாம்.

1. நோட்பேட் போன்ற வெறும் எழுத்து மென்பொருளைத் திறங்கள். வேர்டு வேண்டாம்.
2. முதல் வரியில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். இரண்டாம் வரியில் 12 என்ற எண்.
3. அடுத்த 12 வரிகளில், வரிக்கு ஒன்றாக: 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. காற்புள்ளி வேண்டாம். ஷட்ஜத்துக்கு 1/1 என்று எழுதக் கூடாது, அது தானாகவே உண்டு. கடைசி 2/1 மேல் ஷட்ஜம்.
4. கோப்பின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து எஸ்சிஎல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட்டுச் சேமியுங்கள். நோட்பேட் சத்தமில்லாமல் கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும். "எல்லா வகைக் கோப்புகளும்" என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே சேமியுங்கள்.
5. சர்ஜின் டியூனிங் மெனுவில் இந்தக் கோப்பை ஏற்றுங்கள். தனியாக ஏதும் சொல்லாவிட்டால் நடு சி கட்டை ஷட்ஜமாகும்.

மீண்டும் அந்தர காந்தாரத்தைப் பிடியுங்கள். நடுக்கம் நின்றிருக்கும். நிற்காவிட்டால் கோப்பு ஏறவில்லை, அல்லது ஒரு வரி விடுபட்டு ஸ்வரங்கள் ஒரு கட்டை தள்ளிப் போயிருக்கின்றன.

கைசிகி நிஷாதத்துக்கு 9/5 வைத்திருக்கிறேன். 16/9 வைப்பவர்களும் உண்டு. இரண்டையும் தம்பூராவோடு கேட்டு, வாசிக்கும் ராகத்துக்கு எது பொருந்துகிறதோ அதை வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தப் பின்னங்கள், அசையாமல் நிற்கும் ஸ்வரங்களுக்குத்தான். கமகத்தில் புரளும் ஸ்வரத்துக்கு ஒரே இடம் என்று ஒன்று கிடையாது. 22 சுருதிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தோடியின் காந்தாரத்துக்குப் பின்னம் தேடுவது வீண் வேலை.

வேறு சுருதிக்கு மாற வேண்டுமானால், எந்தக் கட்டையை ஷட்ஜமாகக் கொள்வது என்று சொல்லும் கீபோர்டு மேப்பிங் கோப்பு இன்னொன்று வேண்டும். முதல் சில வாரம் சி-யிலேயே பழகுங்கள்.

இரண்டாம் ஒலி: குரல்

இங்கே நாதஸ்வரத்தையோ குழலையோ நகலெடுக்க முயல வேண்டாம். நகல் எப்போதும் மூலத்துக்குக் கீழேதான் நிற்கும். தன் பெயரில் நிற்கக்கூடிய, பாடுவதற்கு ஏற்ற ஓர் ஒலியே நம் இலக்கு.

1. புதிய தடத்தில் மீண்டும் இனிஷியலைஸ். அதே ஸ்காலா கோப்பு இங்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.
2. வாசிப்பு முறையை மோனோ எஸ்டி+எஃப்பி ஆக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும். முந்தைய கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்தினால் வழுக்கிச் செல்லும், விட்டு அழுத்தினால் புதிதாகத் தொடங்கும். இந்த ஒன்றிலேயே பாதிக் கர்நாடக வாசிப்பு அடங்கியிருக்கிறது.
3. ஓர் ஆசிலேட்டர், கிளாசிக் வகை. யூனிசன் 1. பல குரல்களை விலக்கி ஒலியைத் தடிமனாக்கும் ஆசை வரும். தடித்த ஒலியில் கமகத்தின் விளிம்பு மழுங்கிவிடும்.
4. மிக்சரில் நாய்ஸைக் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் சேருங்கள். மூச்சு இருப்பது போல் தோன்றும்.
5. 24 டெசிபல் லோபாஸ், கட்டாஃப் 1,000 ஹெர்ட்ஸ், ரெசனன்ஸ் 15 சதவீதம். ஸ்வரம் ஏற ஏறக் கட்டாஃபையும் ஏற்றும் கீட்ராக்கைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். இல்லையென்றால் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் மூச்சடைத்துப் போகும்.
6. அளவின் என்வலப்: அட்டாக் 30 மில்லி நொடி, சஸ்டெய்ன் 80 சதவீதம், ரிலீஸ் 150 மில்லி நொடி. அட்டாக்கைச் சுழியத்தில் வைத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் "டிக்" என்று தொடங்கும்.
7. போர்ட்டமென்டோ 70 மில்லி நொடி. பிட்ச் பெண்ட் எல்லை மேலும் கீழும் 2 அரை ஸ்வரம்.
8. மாடுலேஷன் சக்கரத்தை ஃபில்டரின் கட்டாஃபோடு இணையுங்கள். கீழே உள்ள மாட்வீல் பொத்தானைத் தட்டி இணைப்பு நிலைக்குக் கொண்டுவந்து, கட்டாஃப் ஸ்லைடரில் அது எவ்வளவு தூரம் போகலாம் என்று இழுத்துவிட்டால் போதும்.

கமகத்தை எல்எஃப்ஓவிடம் ஒப்படைக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது. எல்எஃப்ஓவை எடுத்து, சுருதியோடு இணைத்து, நொடிக்கு ஐந்து ஆட்டம் வைத்தால் ஒலி உடனே "உயிர்" பெற்றது போல் தோன்றும். அது மேற்கத்திய வைப்ரேட்டோ. மையத்தைச் சுற்றி இருபுறமும் சமமாக, ஒரே வேகத்தில் ஆடும். ஸ்வரத்தை அசைக்கும் கமகமான கம்பிதம் அப்படி ஆடாது. எங்கிருந்து கிளம்புகிறது, எதைத் தொடுகிறது, எங்கே ஒரு கணம் நிற்கிறது என்பதை ராகம் தீர்மானிக்கிறது. அதே சாதாரண காந்தாரம் தோடியில் ஒருவிதமாகவும் கரகரப்பிரியாவில் வேறுவிதமாகவும் அசையும். இந்த முடிவைக் கை எடுக்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் செய்து காட்டியதும், கீபோர்டு சத்யநாராயணன் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் செய்துவருவதும் இதைத்தான். கருவி புதியது, முடிவு எடுப்பது பழைய பயிற்சி.

நல்ல செய்தி, சக்கரம் அதற்கு ஏற்ற நுண்மை கொண்டது. மிடியில் மற்ற திருகுகளுக்கு 128 படி, பிட்ச் பெண்டுக்கு 16,384 படி. வழுக்கல் படிக்கட்டாக உடையாது.

பயிற்சி இந்த வரிசையில் போகட்டும்:

1. முதலில் பாடுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. தோடியின் "க ம க ரி"-யைத் தம்பூராவோடு பாடி அலைபேசியில் பதியுங்கள்.
2. பிராட் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்தால், உங்கள் குரல் ஏறி இறங்கிய கோடு திரையில் வரும். காந்தாரம் எங்கே நின்றது, எதைத் தொட்டது என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு இது வியப்பாக இருக்கும்: காந்தாரம் என்று நினைத்துப் பாடும்போது கோடு அந்த இடத்தில் நிற்பதே அபூர்வம்.
3. சாதாரண காந்தாரக் கட்டையைப் பிடித்து, சக்கரத்தை முழுதாக மேலே தள்ளுங்கள். சுத்த மத்திமம் வரும். முழுதாகக் கீழே இழுங்கள். சுத்த ரிஷபம் வரும். எல்லையை 2 என்று வைத்ததன் காரணம் இதுதான், அந்தக் காந்தாரத்தின் முழு வீடும் ஒரே கட்டையில் அடங்கிவிடும்.
4. சக்கரத்தை முதலில் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிறகு கட்டையை அழுத்தி, சக்கரத்தை விடுங்கள். ஸ்வரம் கீழிருந்து ஏறி வரும். பத்து நிமிடம் இது மட்டும்.
5. இப்போது கம்பிதம். கீழிருந்து மத்திமத்தை நோக்கி ஒரு தள்ளு, திரும்புதல், சிறு நிறுத்தம், மீண்டும். மெதுவாக. வேகம் தானே வரும்.
6. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாருவுக்குச் சக்கரம் வேண்டாம். பஞ்சமத்தை விடாமல் மேல் ஷட்ஜத்தை அழுத்தினால் போர்ட்டமென்டோ பார்த்துக்கொள்ளும்.

எல்லையை 12 என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஒரே சக்கரத்தில் முடியுமே என்று தோன்றும். முடியாது. சக்கரம் மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் எகிறிவிடும். சுருதிசுத்தம் போய்விடும்.

சக்கரத்தால் ஒரு குறை உண்டு: அது எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒரு கை சுருதியைப் பிடிக்க, மறுகை கமகம் வாசிக்க, ஒரே தடத்தில் முடியாது. இதற்கென்றே 2018-இல் எம்பிஇ என்ற மிடி நீட்டிப்பு ஏற்கப்பட்டது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வளைவு, அழுத்தம், நகர்வு. லிப்போல்ட் ஹேக்கனின் கன்டினியூம் ஃபிங்கர்போர்டு கட்டைகளே இல்லாத வழவழப்பான பலகை. ஏ.ஆர். ரஹ்மான் வாசித்ததால் அதை நம் ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். சர்ஜ் எக்ஸ்டியும் எம்பிஇயை ஏற்கும். ஆனால் அந்தக் கருவிகள் விலை கூடியவை. சக்கரத்தில் ஓராண்டு பழகிய பிறகு முடிவு செய்யுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

சத்தத்தைத் தரம் என்று எண்ணுவது முதலாவது. எந்த மாற்றத்தோடும் அளவு கூடினால் அது "நன்றாக" இருப்பதாகவே காது சொல்லும். பழையதையும் புதியதையும் ஒப்பிடும் முன் இரண்டின் அளவையும் சமமாக்குங்கள்.

ரிவர்ப் அதிகம் போடுவது இரண்டாவது. சுருதி விலகலையும் கரடுமுரடான தொடக்கத்தையும் ரிவர்ப் மறைத்துவிடும், அதனாலேயே பழகும்போது அது எதிரி. ரிவர்ப் இல்லாமல் ஒலி நிற்கும்வரை வேலை செய்யுங்கள், பிறகு 10 முதல் 15 சதவீதம் சேருங்கள்.

ஹெட்போனில் மட்டுமே கேட்டு முடிவு செய்வதும் உண்டு. 65 ஹெர்ட்ஸ் மந்தரம் ஹெட்போனில் கம்பீரமாக இருக்கும், அலைபேசியின் ஸ்பீக்கரில் காணாமலே போகும். இரண்டிலும் கேளுங்கள்.

கடைசியாக, சேமிக்காமல் மாற்றிக்கொண்டே போவது. பிடித்த நிலை வந்ததும் புதிய பெயரில் சேமியுங்கள், பெயரின் முடிவில் 01, 02 என்று எண் கொடுங்கள். ஒலியை 24 பிட், 48,000 வேவ் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். மென்பொருள் மாறினாலும் அந்தக் கோப்பு திறக்கும்.

மேடைக்குக் கொண்டுபோகும்போது

1. வைஃபை, அறிவிப்புகள், தானாகப் புதுப்பித்தல், மின்சேமிப்பு நிலை எல்லாவற்றையும் அணையுங்கள். பஃபரை 512 ஆக்குங்கள். வெடிப்பைவிடச் சிறு தாமதம் மேல்.
2. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து நேராக மிக்சருக்கு நீளமான வயர் இழுக்காதீர்கள். ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து டிஐ பெட்டி வழியாகக் கொடுங்கள்.
3. ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் "உம்" என்ற இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால், டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் போடுங்கள்.
4. இரைச்சலை நிறுத்த மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைக்கவோ, எர்த் வயரைத் துண்டிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்த வயர் உயிர் காக்க இருப்பது. மைக்கைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பாடகர் சொன்னால், மின் பணியாளர் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை வாசிக்காதீர்கள்.
5. தம்பூரா வேவ் கோப்பை அலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கணினி நின்றாலும் சுருதி நிற்கக் கூடாது.
6. பாடகருக்கு வேண்டிய சுருதி அளவை முதலில் சரிசெய்யுங்கள், குரல் தடத்தைப் பிறகு திறங்கள். அவர் சுருதி சேர்ந்துவிட்டது என்று தலையசைத்த பின் மாடுலேஷன் சக்கரத்தைப் பாதியில் வைத்து முதல் ஸ்வரத்தை வாசியுங்கள்.